ரயிலைக் கப்பல் சுமந்த காலம்

டென்மார்க்கின் நியூபோர் நிலையத்தைத் தாண்டியபிறகு ரயில் இப்போது வேகம் குறைப்பதில்லை. பாலத்தில் ஏறிச் சில நிமிடம் தண்ணீருக்கு மேலே ஓடுகிறது. ஸ்ப்ரோவோ என்ற சின்னத் தீவைத் தொட்டதும் நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. கடல்மட்டத்துக்குக் கீழே 75 மீட்டர் வரை போய் ஏறும் 8 கிலோமீட்டர்ச் சுரங்கம். கடல் தெரிந்த கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும். திரும்ப வெளிச்சம் வரும்போது மறுகரை வந்திருக்கும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் போல. பக்கத்து இருக்கைப் பிள்ளை கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தியிராது.

அந்தப் பத்து நிமிடம் ஒரு காலத்தில் ஒரு மணித்தியாலமாக இருந்தது. மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தை என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கொப்பன்ஹேகனுக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன். அவ்வளவுதான்.

டென்மார்க்கைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தீவுகளின் நாடு. ஜெர்மனியோடு ஒட்டியிருக்கும் யூலாந்து மட்டுமே பெருநிலத்தோடு சேர்ந்தது. அதற்குக் கிழக்கே ஃபூன் தீவு, அதற்கும் கிழக்கே ஷேலான் தீவு. தலைநகர் கொப்பன்ஹேகன் அந்தத் தீவின் கீழைக்கரையில். ஃபூனுக்கும் ஷேலானுக்கும் நடுவே கிடக்கிற, 18 கிலோமீட்டர் அகலமான கடலுக்கு ஸ்டோரபெல்ட் என்று பெயர். எண்பதுகளின் நடுவில் இலங்கைச் சண்டையால் ஊரை விட்டு ஓடிவந்த எங்களில் பலரை யூலாந்தின் சிறு நகரங்களில் குடியமர்த்தினார்கள். ஹேர்னிங், வைல, ஹோல்ஸ்டெப்ரோ. பின்னேரமே கடைகளைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குள் போய்விடும் ஊர்கள். விமான நிலையம், தூதரகங்கள், பெரிய அலுவலகங்கள், தமிழ்ப் படக் கசெட் வைத்திருக்கும் கூட்டாளி, எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே ரயில். ரயிலென்றால் கப்பல்.

கப்பலேறுவதற்காக ரயிலைவிட்டு இறங்குவோம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலே கப்பலேறும்.

முதலில் போனது அந்தச் சத்தம். துறைமுகத்தை நெருங்கும்போது ரயில் நடை தளர்ந்து, நின்று, மறுபடி மெல்ல நகரும். கப்பல் தன் முகப்பைத் தூக்கித் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். கரைத் தண்டவாளத்துக்கும் கப்பல் தண்டவாளத்துக்கும் நடுவே, நீர்மட்டத்துக்கேற்ப ஏறி இறங்கக்கூடிய ஓர் இரும்புத் தட்டு. சக்கரம் அந்த மூட்டில் ஏறும்போது 'டடக்' என்று ஒன்று கேட்கும். கரையில் கேட்கிற சத்தம் இல்லை அது. அடியில் மண் இல்லாத சத்தம். முன்பெட்டியில் தொடங்கி, உங்கள் காலடியைக் கடந்து, பின்னால் பின்னால் என்று தேய்ந்துகொண்டே போகும். ஜன்னலுக்கு வெளியே வானம் நழுவிப் போய், சாயம் பூசிய இரும்புச் சுவர் ஒரு முழத் தூரத்தில் வந்து நிற்கும்.

ரயிலின் பாரம் ஒரு பக்கத்தில் ஏறியதும் கப்பல் சற்றே சாயும். சாய்வை நேராக்க மறுபக்கத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீரைத் தள்ளுவார்கள். இந்தச் சரிவும் நிமிர்வும் நீங்கள் மடக்கு மேசையில் வைத்திருக்கும் தேத்தண்ணியின் விளிம்பில் தெரியும். ஒரு பக்கம் ஒரு நூல் ஏறி, நின்று, மெதுவாக இறங்கும். பிறகு ரயிலின் உறுமல் அடங்கும். கப்பலின் உறுமல் இருக்கை வழியாக முதுகில் ஏறும். எங்கோ ஓர் இரும்புக் கதவு மூடும். அந்தக் கணத்தில், எவ்வளவு அவசரக்காரனாக இருந்தாலும், இனி ஒரு மணித்தியாலம் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாமை இன்றைக்கு எங்கே விற்கிறது, சொல்லுங்கள்.

படியேறி மேலே போனால் சனம். டென்மார்க்காரர் ரயிலில் கதைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரின் முழங்கை பட்டால் மன்னிப்புக் கேட்பார்கள், அதற்குமேல் ஒரு சொல் வராது. அதே ஆள், அதே கோட்டோடு, கப்பலின் சாப்பாட்டுத் தளத்தில் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் வாய் திறப்பார். எங்கிருந்து வந்தாய்? அங்கே இன்னும் சண்டையா? அம்மா அப்பா இருக்கிறார்களா? இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறாய்? நான் டேனிஷ் படித்தது வகுப்பறையில். பேசியது அந்த மேசைகளில். ஒரு கிழவர், விவசாயி, என் உச்சரிப்பைத் திருத்தித் திருத்திக் கடைசியில் தானே களைத்துப்போய், சட்டைப்பையிலிருந்து பேர்த்தியின் படத்தை எடுத்துக் காட்டினார். அதற்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

கோப்பிக் கவுண்டரில் ஒரு பெண் இருந்தார். அறுபதை நெருங்கியிருப்பார். 'வெஸ்கோ', அதாவது 'இந்தாருங்கள்', என்று சொல்லிக் குவளையை நீட்டுவார். எல்லாக் கடையிலும் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் அவர் முன்பாதியை இழுத்து, பின்பாதியைச் சின்னதாக மேலே தூக்கிவிடுவார். சில்லறையின் பெறுமதி பிடிபடாமல் உள்ளங்கை நிறைய நாணயத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் எங்களிடமிருந்து, தனக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, மிச்சத்தின் மேல் எங்கள் விரல்களைத் தானே மூடிவிடுவார். அந்நிய நாட்டில் அலுவல் இல்லாமல் ஒரு கை என் கையைத் தொட்டது அப்போதுதான். இன்றைக்கு நிலையத்திலேயே நல்ல கோப்பி கிடைக்கிறது. பால் நுரையில் இலை வரைந்து தருகிறார்கள். அட்டையை ஒரு பெட்டிக்குக் காட்டினால் காசு போய்விடுகிறது. எண்ண வேண்டியதில்லை. பிழைவிட வேண்டியதில்லை. கையை மூடிவிட யாரும் வேண்டியதில்லை.

எங்களோடு ஓர் அண்ணை இருந்தார். மன்னார்த் தீவு, பேசாலை. கடலுக்குப் போய் வந்த மனிதர். ரயில் நின்றதும் எங்கள் எல்லாருக்கும் முன்னால் படியேறிவிடுவார். கோப்பி வேண்டாம், கதிரை வேண்டாம். வெளித்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஜனவரியிலும்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. விறைச்சுப் போவியள்."

"நீ போடா. வாடையோ சோழகமோ எண்டு மணத்திலையே சொல்லுற ஆள் நான். இஞ்ச ஒரு மணமும் இல்லை. பொறு, பாப்பம்."

பால்டிக் பக்கத்துத் தண்ணீரில் உப்புக் குறைவு. அது அவருக்குப் பெரிய குறை. காற்றில் தெறித்த துளியை உதட்டில் நக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: "காணாது தம்பி. கறியெண்டால் இன்னொருக்கா அள்ளிப் போட வேணும்." ஐஸ்கிறீம் டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் அந்தக் கம்பியோரத்திலேயே நின்றுகொண்டு சாப்பிடுவார். குளிரில் சம்பல் கல்லாகியிருக்கும்.

அவருக்குள் இன்னொரு கப்பல் ஓடிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குப் போகப் போகத்தான் விளங்கியது. தலைமன்னார் இறங்குதுறை. கொழும்புக் கோட்டையிலிருந்து வந்த மெயில், கடலுக்குள் நீண்ட அந்தத் துறையில் வந்து நிற்கும். சனம் மூட்டை முடிச்சோடு இறங்கிக் கப்பலேறும். 22 மைல் தாண்டினால் தனுஷ்கோடி, அங்கே சென்னைக்கு இன்னொரு ரயில். பாம்பன் பாலம் திறந்த 1914இல் தொடங்கிய வழி. இர்வின், கோஷன் என்று வெள்ளைக்காரப் பெயர் சுமந்த கப்பல்கள் ஓடிய கடல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 'இராமானுஜம்' என்று பெயர். எண்பதுகளின் நடுவில் சண்டை அதையும் நிறுத்தியது. இதை வாசிக்கிற உங்களில் யாராவது அந்தக் கப்பலில் வந்தவர்களாக இருந்தால், சுங்கத்தில் பெட்டியைக் குலைத்துக் காட்டிய கதை உங்களுக்கும் இருக்கும்.

ஸ்டோரபெல்ட்டில் அண்ணை கண்ட அதிசயம் ஒன்றுதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "எங்கட றெயின் கரையில நிண்டு எங்களை அனுப்பிப்போட்டுத் திரும்பிப் போயிடும். இஞ்ச பார், றெயினும் எங்களோட வருது."

ஆனால் என் ஏக்கத்தின் பெரும்பங்கு திரும்பி வரும் பயணங்களின் மேல்தான். கஸ்ட்ரப் விமான நிலையத்துக்குப் போய், ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு யூலாந்துக்கு வரும் பயணங்கள். தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பங்கள் 1987இலிருந்து சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பில் போடப்பட்டிருந்தன. 'தமிழர் வழக்கு' என்ற பெயரிலேயே அது நாட்டைக் குலுக்கியது. 1993 ஜனவரியில் ஓர் அரசாங்கமே பதவி விலகியது. வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடியும் விஷயம். ரயில் பெட்டியில் அது எப்படி இருந்தது என்றால், வருடக்கணக்கில் காணாத ஒரு புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால் முட்டாமல் காலை ஒதுக்கிக்கொண்டு, எதைக் கதைப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடப்போன நாங்கள் நித்திரை கொள்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டோம்.

ஷேலான் கரையின் கோர்சோர் துறைமுகம் வரும். ரயில் தயங்கும். 'டடக்'. வானம் மறையும்.

"என்னப்பா இது? றெயின் எங்க போகுது?"

அதுதான் முதல் வார்த்தை. அதன்பின் அவன் சொல்லத் தொடங்குவான் பாருங்கள். கப்பல் என்பான், கடல் என்பான், எத்தனை தண்டவாளம், எத்தனை பெட்டி, எவ்வளவு நேரம், ஏதோ தானே கட்டிய கப்பல்போல. மேலே போவோம் வா என்பான். படியில் ஏறும்போது அவள் கையைப் பிடிப்பான். சாக்கு, கப்பல் ஆடுகிறது என்பது. ஆடவே ஆடாது. கோர்சோரிலிருந்து ஃபூன் கரை நியூபோர் வரை போவதற்குள் அவர்கள் மறுபடியும் புருஷன் பெண்சாதி ஆகியிருப்பார்கள். ஒரு மணித்தியாலம் காணும் அதற்கு. பத்து நிமிடம் காணாது.

ஒரு கடுங்குளிர்க் காலத்தில் ஓர் அம்மா வந்தார். கடலில் பனிக்கட்டி பாளம் பாளமாக மிதந்தது. கண்ணாடியோடு நெற்றியை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதென்ன வெள்ளையாக் கிடக்கு?"

"ஐஸ் அம்மா. கடல் உறைஞ்சு போச்சு."

"அப்ப மீனெல்லாம் என்ன செய்யும்?"

நாங்கள் சிரித்துவிட்டோம். பக்கத்து மேசையிலிருந்த ஒரு டேனிஷ்காரர் என்ன சிரிப்பு என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அடியில் அவ்வளவு குளிராது, ஆழத்துக்குப் போய்விடும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றார். அம்மா அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அவரும் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் மீனைப் பற்றிய கவலை தீர்ந்தது.

பனிக்கட்டி அந்தக் கடலுக்குப் புதிதல்ல. கப்பல்கள் அதை உடைத்துக்கொண்டு போகும் வலு பெறுவதற்கு முன்னால், கடல் உறைந்த மாதங்களில் படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் வந்தால் படகில் ஏறித் துடுப்பு. பனி வந்தால் இறங்கி வடம். தபாலும் போனது, பயணிகளும் போனார்கள். 1883 டிசம்பர் 1இல் முதல் ரயில் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1819இல், ஓடென்ச நகரத்து ஏழைச் செருப்புத் தைப்பவரின் பிள்ளை ஒன்று, பதினான்கு வயதில், தலைநகரில் பிழைக்கப்போகிறேன் என்று இதே கடலைப் படகில் கடந்தது. ஷேலான் கரையில் இறங்கியதும் ஒரு கொட்டகைக்குப் பின்னால் போய் மண்டியிட்டுக் கடவுளை வேண்டிக்கொண்டதாகப் பின்னாளில் தன் வரலாற்றில் எழுதியது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். ஊரை விட்டுவிட்டோம் என்பது அந்தப் பையனுக்கு ஓடென்சயில் உறைக்கவில்லை. கடல் தாண்டியபிறகு உறைத்தது. எங்களில் யாருக்கு அது விளங்காது?

கடலுக்கு நடுவில் ஸ்ப்ரோவோ வரும். ஒரு வெளிச்சவீடு, சில கட்டடங்கள். அதென்ன இடம் என்று தளத்தில் நின்ற ஒரு டேனிஷ் பெண் எனக்குச் சொன்னார். 1923 முதல் 1961 வரை, ஒழுக்கம் கெட்டவர்கள் என்று முத்திரை குத்திய பெண்களைக் கொண்டுபோய் அடைத்து வைத்த தீவு. கப்பல்கள் ஒவ்வொரு நாளும் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்திருக்கின்றன. சொல்லிவிட்டு அவர் பேசாமல் நின்றார். இப்போது அந்தத் தீவு பாலமும் சுரங்கமும் சந்திக்கிற மூட்டு. மண் கொட்டிப் பல மடங்கு பெருப்பித்துவிட்டார்கள். ரயில் அதைக் கடக்க எடுக்கிற நேரத்தில் அந்தக் கதையைச் சொல்லவும் முடியாது, கேட்கவும் முடியாது.

பாலம் எங்கள் கண் முன்னாலேயே வளர்ந்தது. கம்பியோரத்தில் நின்று பார்த்தோம். ஒவ்வொரு பயணத்திலும் தூண்கள் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். 254 மீட்டர் உயரக் கோபுரங்கள், நடுவே 1,624 மீட்டர்த் தாவு. எல்லாரும் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். நம்மை முடிக்கப்போகிற ஒன்றின் அழகை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு அதே கப்பலில் போனோம். இதில் ஒரு வேடிக்கை: அந்தப் புகழ்பெற்ற தொங்குபாலம் கார்களுக்கு மட்டும். ரயிலில் போகிறவனுக்குக் கிடைத்தது சுரங்கம். 1991இல் அதற்குள் கடல் புகுந்தது; 1994இல் தீப்பிடித்தது. வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போனது. பத்திரிகைகள் திட்டின. நாங்கள் இன்னும் சில குளிர்காலம் கப்பலில் போனோம்.

1997 ஜூன் 1. அன்று பயணிகள் ரயில் பாலத்தில் ஓடத் தொடங்கியது. 113 வருடத்துக்கும் மேலான பழக்கம் முடிந்தது. அடுத்த வருடம் ஜூனில் கார்ப் பாதையும் திறந்தது. கோர்சோரிலும் நியூபோரிலும் ரயில் நிலையங்களைத் துறைமுகத்திலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே வைத்தார்கள். கப்பலுக்காகப் பிறந்த நிலையங்கள். கப்பல் இல்லையென்றால் அவற்றுக்கு அங்கே என்ன வேலை. கோர்சோரின் பழைய கோட்டையில் இப்போது அந்தக் கடல்வழிக்கு ஒரு நூதனசாலை இருக்கிறது. அண்ணை முதல்தடவை சுரங்கத்துக்குள் போனபோது என் பக்கத்தில்தான் இருந்தார். இருட்டு வந்து, போய், பச்சை வயல் தெரிந்ததும் கேட்டார்: "கடல் முடிஞ்சுதோ?" முடிந்தது அண்ணை என்றேன். பிறகு கொப்பன்ஹேகன் வரை அவர் வாய் திறக்கவில்லை. சில வருடத்தில் அவரும் போய்விட்டார். அந்தக் குரலை நான் எந்தக் கசெட்டிலும் பிடித்து வைக்கவில்லை.

கப்பல்கள் என்னவாயின என்று விசாரித்துப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. கடைசிக் காலத்தில் ஓடியவை மூன்று பெரிய கப்பல்கள், மூன்றும் அரச குடும்பத்தின் பெயர் தாங்கியவை. 'பிரின்ஸ் யோகிம்', 'குரோன்பிரின்ஸ் ஃப்ரெடெரிக்' இரண்டும் டென்மார்க்கின் கெட்சர் துறையிலிருந்து ஜெர்மனிக்குக் கார் ஏற்றின, ரயில் இல்லாமல். அந்தப் பட்டத்து இளவரசர் இன்று அரசராகிவிட்டார். மூன்றாவது 'ட்ரோனிங் இங்க்ரிட்'. அதை ஒரு தொண்டு நிறுவனம் வாங்கி ஆஸ்பத்திரிக் கப்பலாக்கியது. 'ஆபிரிக்கா மெர்சி' என்ற பெயரில் 2007 முதல் ஆபிரிக்கத் துறைமுகங்களில் நின்று ஏழைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தது. எங்கள் ரயில் நின்ற தளத்தில் கட்டில்கள் போட்டார்கள். மூன்றில் ஒன்றுக்காவது நல்ல கதி கிடைத்தது.

ஸ்டோரபெல்ட் போனாலும் தெற்கே ஒரு வழி மிச்சமிருந்தது. டென்மார்க்கின் ரோட்பிக்கும் ஜெர்மனியின் புட்கார்டனுக்கும் நடுவே, 1963இல் திறந்தது. ஹம்பர்க்கிலும் அதற்கு அப்பாலும் உறவு வைத்திருந்த நாங்கள் அதில் போனோம். ஜெர்மனியின் வெள்ளை ஐசிஇ விரைவு ரயில்கூடச் சில காலம் லொறிகளுக்குப் பக்கத்தில் அடக்கமாக நின்று கப்பலில் வந்தது. முக்கால் மணித்தியாலம். ரயிலுக்குள் யாரும் இருக்கக்கூடாது, எல்லாரும் மேலே போயாக வேண்டும் என்று அங்கே சட்டம். என்ன அருமையான சட்டம்! 2019 டிசம்பரில் அதுவும் நின்றது. கப்பல் இன்னும் ஓடுகிறது, ரயில் ஏறுவதில்லை. அந்த இடத்தில் 18 கிலோமீட்டர்ச் சுரங்கம் கட்டுகிறார்கள். 89 கொங்கிறீட் துண்டுகளைக் கரையில் வார்த்து, மிதக்க வைத்து இழுத்துப்போய்க் கடலடியில் இறக்கிப் பொருத்தும் வேலை. முடிந்ததும் ரயில் ஏழு நிமிடத்தில் கடந்துவிடுமாம்.

பாலத்தை நான் பழிக்கவில்லை. நோயாளியை வைத்துக்கொண்டு காற்றடிக்கும் இரவில் கப்பலுக்குக் காத்திருந்தவனுக்கு என் ஏக்கம் கோபத்தையே தரும். ஜப்பானில் 1954 செப்டம்பர் 26ஆம் திகதிப் புயலில் 'தோயா மாரு' என்ற ரயில் கப்பல் ஹக்கோதாதே அருகே கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தச் சாவுகள்தான் 53.85 கிலோமீட்டர்ச் செய்க்கான் சுரங்கத்துக்கு வேகம் கொடுத்தன. 1988 மார்ச் 13இல் சுரங்கத்தில் ரயில் ஓடத் தொடங்கிய அன்றே கப்பலின் வழமையான சேவை முடிந்தது. அழுதவர்களும் இருந்தார்கள், நிம்மதியாக மூச்சு விட்டவர்களும் இருந்தார்கள். பாலமும் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. 2019 ஜனவரி 2இல் ஸ்டோரபெல்ட் மேற்குப் பாலத்தில், புயல்காற்றுக்குள், எதிரே வந்த சரக்கு ரயிலிலிருந்து நழுவிய லொறிப் பெட்டி மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். கடல் அங்கேயேதான் இருக்கிறது. எங்களுக்குத்தான் அது மறந்துபோனது.

என் பேரப்பிள்ளைகள் யூலாந்துக்கும் கொப்பன்ஹேகனுக்கும் நடுவே கடல் இருக்கிறது என்பதைத் தேசப்படத்தில் படித்தவர்கள். அவர்களுடைய ரயிலில் மின்சாரச் செருகி இருக்கிறது, இணையம் இருக்கிறது, பேசக்கூடாத பெட்டி என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. பேசுகிற பெட்டி என்று ஒன்று இல்லை. நாங்கள் இழந்தது கப்பலை மட்டுமல்ல. இரண்டு கரைக்கும் சொந்தமில்லாத, அகதியும் விவசாயியும் ஒரே மேசையில் வேறு வழியில்லாமல் முகம் பார்த்து உட்கார்ந்த ஒரு மணித்தியாலத்தை. ஒரு நாடு அந்நியனோடு பழக அதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. அதைக் கடல் செய்தது. நாங்கள் கடலை மிச்சம் பிடித்துவிட்டோம்.

ஓரிடத்தில் அது இன்னும் நடக்கிறது. இத்தாலியின் தெற்கு முனையில் வில்லா சான் ஜொவானி என்ற ஊரிலிருந்து சிசிலியின் மெசினாவுக்கு, பயணிகளோடு ரயில் இன்றும் துண்டு துண்டாகப் பிரிந்து கப்பலுக்குள் ஏறுகிறது. அங்கேயும் 3,300 மீட்டர் நடுத்தாவோடு பாலம் கட்டத் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இருக்கிறவர்கள், ஐரோப்பாவுக்கு வருகிறவர்கள், அது வருவதற்கு முன்னால் ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரயில் நின்றதும் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு மேலே ஏறுங்கள். பக்கத்தில் நிற்பவரோடு ஒரு வார்த்தை கதையுங்கள். கடல் போனபிறகு உட்கார்ந்து எழுத என்னைப்போல ஆட்கள் ஏற்கெனவே போதும்.